குட்டை வண்டியின் கட்சி

சமீப காலமாக நம்மவர்களில் வசதி படைத்த சிலருக்கு ஒரு புது ஆசை பிறந்திருக்கிறது. வண்டிக்குள்ளேயே கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, விளக்கு மாட்டி, அதை ஓட்டிக்கொண்டு மலையோரமும் அணையோரமும் போய்த் தங்கிவிட்டு வரவேண்டும் என்ற ஆசை. இப்படி மாற்றிக் கட்டிய வண்டிக்குச் 'சாகச வண்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆசையில் குற்றம் ஒன்றும் இல்லை. நாலு சுவருக்குள் அடைந்து கிடக்கும் மனிதன் நட்சத்திரத்துக்கு அடியில் ஒரு ராத்திரி படுத்து எழுந்திருக்க நினைப்பது நல்ல நினைப்புத்தான். ஆனால் அந்த ஆசையைச் சுற்றி ஒரு வியாபாரம் வளர்ந்திருக்கிறதே, அதைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

வண்டி எவ்வளவுக்கு எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு அவ்வளவு சாகசம் என்று ஒரு கணக்கு. கூரைமேல் ஒரு கூடாரம். நெற்றியில் ஊரையே குருடாக்கும் விளக்கு வரிசை. சேற்றில் மாட்டிக்கொண்டால் இழுப்பதற்கு இரும்புக் கயிறும் உருளையும். போதாததற்கு, ஆற்றுக்குள் இறங்கினாலும் எஞ்சின் மூச்சு விடுவதற்காகப் பக்கவாட்டில் ஒரு கரிய குழாய். அவினாசி ரோட்டைத் தாண்டி எந்த ஆற்றிலும் இறங்கப் போகாத வண்டிக்கு இந்தக் குழாய் எதற்கு என்று கேட்டால், சாகசம் என்கிறார்கள்.

நான் இதற்கு நேர் எதிர்க்கட்சி. நம் ஊர்ச் சாலைகளுக்கும் நம் மலைப்பாதைகளுக்கும் ஏற்றது குட்டை வண்டிதான் என்பது என் வாதம். அதைக் காட்டிலும் முக்கியமான வாதம் இன்னொன்று உண்டு. வாரத்தில் ஆறு நாள் பிழைப்புக்கு ஓடுகிற வண்டியே ஏழாம் நாள் ஓய்வுக்கும் ஓட வேண்டும். உல்லாசத்துக்கென்றே தனியாக ஒரு வண்டி வைத்திருக்கும் கனவானுக்கு உல்லாசம் எங்கேயும் கிடைக்கும். அவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒரே ஒரு வண்டி வைத்துக்கொண்டு, அதற்கும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தைப் பற்றித்தான் என் கவலை.

இந்த வழக்கை நடத்துவதற்குத் திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. திருப்பூர் பனியன் ஊர் என்று உலகத்துக்கெல்லாம் தெரியும். அது குட்டை வண்டிகளின் ஊர் என்பது அங்கே ஒரு நாள் தெருவோரம் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பனியன் உருவாகிற கதையைக் கேளுங்கள். நூல் ஒரு இடத்தில் நிட்டிங் மெஷினில் துணியாகிறது. துணி அங்கிருந்து சாயப்பட்டறைக்குப் போகிறது. சாயம் ஏறிய துணி கம்பாக்டிங்குக்குப் போகிறது. பிறகு கட்டிங். வெட்டிய துண்டுகளில் பூ வேலையோ எழுத்தோ வேண்டுமானால் பிரிண்டிங், எம்பிராய்டரி. அப்புறம் 'பவர் டேபிள்' என்று அவர்கள் சொல்லும் தையல் கூடம். அதன் பிறகு செக்கிங், அயர்னிங், பாக்கிங். எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைத்திருக்கும் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் ஊரின் உயிர், வேலையைப் பங்குபோட்டுச் செய்யும் சின்னச் சின்னப் பட்டறைகளில் இருக்கிறது. பட்டறைக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு வண்டி. கப்பல் ஏறுவதற்கு முன்னால் பனியன் ஊருக்குள்ளேயே ஒரு க்ஷேத்திராடனம் செய்து முடித்துவிடுகிறது என்று சொன்னாலும் மிகையல்ல.

அந்த யாத்திரைக்கு எந்த வண்டி உதவும்? காதர்பேட்டைச் சந்துகளில் லாரி நுழைந்தால், லாரி வெளியே வருவதற்குள் பனியன் மோஸ்தரே மாறிப்போகும். ஆகவே குட்டை வண்டிகள். 1984-ல் மாருதி வான் வந்தது. 1988-ல் 'ஆம்னி' என்று பெயர் பெற்றது. சினிமாவில் கதாநாயகியைக் கடத்துவதற்கும், நிஜ வாழ்க்கையில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கும், திருப்பூரில் மூட்டை சுமப்பதற்குமாக 2019 வரை தயாராகி வந்தது. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. அதற்குத் தமிழ்நாடு 'குட்டி யானை' என்று பெயரிட்டது. கம்பெனிக்காரர்கள் லட்சக்கணக்கில் செலவழித்தாலும் இத்தனை நல்ல பெயர் அகப்பட்டிராது. 2010-ல் ஈகோ வந்தது. மூன்றும் முதலில் பாரத்துக்குப் பிறந்தவையோ ஆளுக்குப் பிறந்தவையோ, திருப்பூருக்கு வந்தபின் எல்லாம் மூட்டைக்குத்தான்.

இவற்றைக் 'குட்டை' என்று நான் சொல்வது வெறும் நீளத்தை வைத்து அல்ல. முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை 'வீல்பேஸ்' என்பார்கள். ஆம்னிக்கு அது 1840 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஆறடி. குட்டி யானைக்கு 2100. ஈகோவுக்கு 2350. நம் ஊரில் 'டெம்போ டிராவலர்' என்று அழைக்கிறோமே, கல்யாண கோஷ்டிகளைச் சுமக்கும் வண்டி, அதை 3050 மில்லிமீட்டரிலிருந்து 4020 மில்லிமீட்டர் வரை பல அளவுகளில் விற்றிருக்கிறார்கள். சாகச வண்டி கட்டுகிறவர்களைப் போய்க் கேட்டால், அந்த வரிசையில் நீளமானதைக் காட்டி, 'இதுதான் சார் உங்களுக்குச் சரியாயிருக்கும்' என்பார்கள். நமக்குச் சரியாயிருக்குமோ என்னமோ, அவர்களுடைய பில்லுக்குச் சரியாயிருக்கும்.

இனி மலைக்கு வருவோம். திருப்பூர்க்காரருக்கு மலை தூரம் இல்லை. உடுமலைப்பேட்டையைத் தாண்டினால் திருமூர்த்தி மலை. இன்னும் போனால் அமராவதி அணை. அப்பால் சின்னாறு, மறையூர், மூணாறு. பொள்ளாச்சி வழியாகப் போனால் ஆழியாறு; அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பத்தில் 27 வளைவுகள். கிழக்கே கொஞ்சம் தூரம் போகச் சம்மதமானால் கொல்லிமலையில் 70. இந்த வளைவுகளில்தான் வீல்பேஸ் என்பது காகிதத்தில் எழுதிய எண்ணாக இல்லாமல், கையிலும் தோளிலும் உணரும் சங்கதியாக ஆகிறது. நீள வண்டி, எதிரே வருகிறவனை நிறுத்திவைத்துவிட்டுப் பாதையின் முழு அகலத்தையும் தனக்கென்று எடுத்துக்கொண்டு திரும்புகிறது. குட்டை வண்டி தன் பாதியிலேயே திரும்பிப் போய்விடுகிறது. எதிரே வருகிறவனுக்கும் ஊர் உண்டு, வேலை உண்டு என்று அதற்குத் தெரிந்த மாதிரி.

கரடுமுரடான மண் பாதையிலும் இதே நியாயம். ஒரு மேட்டைத் தாண்டும்போது முன் சக்கரம் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடுகிறது; பின் சக்கரம் இன்னும் ஏறவில்லை. அப்போது வண்டியின் நடுவயிறு தரையில் தட்டுமா, தட்டாதா? இரண்டு வண்டிகள் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருந்தாலும், சக்கரங்கள் நெருங்கியிருக்கும் வண்டி தட்டாமல் தப்பும். அகன்றிருக்கும் வண்டி உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகுதான் அந்த இரும்புக் கயிறும் உருளையும் வேண்டியிருக்கிறது. வியாதியையும் மருந்தையும் ஒரே கடையில் விற்பது என்றால் இதுதான்.

குட்டை வண்டிக்குக் குறையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. வக்கீல் எதிர்த்தரப்பு சாட்சியை மறைக்கக் கூடாது. சக்கரங்கள் நெருங்கியிருப்பதால் மேடு பள்ளத்தில் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும். உயரம் அதிகம், அகலம் குறைவு. ஆகையால் கூரைமேல் பாரம் ஏற்றினால் வளைவில் சாயப் பார்க்கும். பின்புறம் கனத்தைக் கொட்டினால் முன்புறம் லேசாகி ஸ்டீயரிங் பேச்சுக் கேட்காது. ஆம்னியில் ஓட்டுகிறவர் முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பதால், நேருக்கு நேர் மோதினால் அவருக்கும் எதிரிக்கும் நடுவில் ஒரு தகரம்தான். மோதல் சோதனைக்கான புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடு கொடுக்க முடியாமல்தான் அந்த வண்டி நின்றும் போயிற்று. ஆனால் கவனியுங்கள்: இந்தக் குறைகள் எல்லாம் நம்மிடம் கேட்பது என்ன? மெதுவாகப் போ, கொஞ்சமாக ஏற்று, கூரைமேல் ஒன்றும் வைக்காதே, ராத்திரியில் மலை ஏறாதே என்பவைதானே? மலைக்குப் போகிறவனுக்குப் பெரியவர்கள் சொல்லியனுப்பும் புத்திமதியும் இதுதான். வண்டியே அதைச் சொல்லிக் கொடுத்தால் லாபம்தானே?

'உள்ளே இடம் எங்கே ஐயா?' என்பது அடுத்த ஆட்சேபம். இதற்கு நம் பாட்டன்மாரைச் சாட்சிக்கு அழைக்கிறேன். காங்கேயம் காளைகளைப் பூட்டிய கூண்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். வீல்பேஸ் என்ற பேச்சே அதற்குக் கிடையாது, இரண்டே சக்கரம். வாரம் முழுதும் அது எருவும் தானியமும் சுமந்தது. கண்ணபுரத்து மாட்டுச் சந்தை வந்தால், அந்தியூரில் ஆடித் திருவிழா வந்தால், பழனிக்கு நேர்த்திக்கடன் வந்தால், அடியில் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, கூண்டைக் கட்டினார்கள். குழந்தைகள் உள்ளே தூங்கின. பெரியவர்கள் வண்டிக்கு அடியில் படுத்தார்கள். அடுப்பு வெளியே மூன்று கல்லில் எரிந்தது. திரும்பி வந்ததும் கூண்டைக் கழற்றிச் சுவரில் சார்த்தினார்கள். மறுநாள் அதே வண்டி எரு அடித்தது. இந்த ஏற்பாட்டுக்குச் 'சாகசம்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை. இதற்காக யாரும் கடன் வாங்கவுமில்லை.

இதை வெறும் பழம்பெருமை என்று தள்ளுவோருக்காக ஜெர்மனியையும் கூப்பிடுகிறேன். 1950-ல் வோக்ஸ்வேகன் கம்பெனி ஒரு சிறு வானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று உலகமெல்லாம் அதை உல்லாச வண்டிகளின் தாய் என்று கொண்டாடுகிறது. அதன் வீல்பேஸ் 2400 மில்லிமீட்டர். நம் ஈகோவைக் காட்டிலும் ஐந்து சென்டிமீட்டர் கூட. அவ்வளவுதான் வித்தியாசம்! வெஸ்ட்ஃபாலியா என்ற வண்டி கட்டும் கம்பெனி 1951 வாக்கில் அந்த வானுக்காக ஒரு பெட்டி செய்து விற்றது. கட்டிலாக விரியும் இருக்கை, சாமான் வைக்கும் அலமாரி, எல்லாம் கழற்றி வெளியே எடுத்து வைத்துவிடும்படியான ஏற்பாடு. வாரநாளில் கடைக்காரன் அந்த வானில் சரக்கு ஏற்றினான். வாரக் கடைசியில் பெட்டியைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போனான். யுத்தத்தில் நொறுங்கிப்போன ஒரு தேசம் மறுபடி எழுந்து நின்றுகொண்டிருந்த காலம் அது. தனியாக ஓர் உல்லாச வண்டி வாங்க அங்கே எத்தனை பேரால் முடிந்திருக்கும்? அதே யோசனைதான் நம் பாட்டனுடைய வண்டிக் கூண்டு. ஜப்பானிலோ இதைவிடச் சிறிய வண்டிகளில், 3.4 மீட்டர் நீளத்துக்கு மேல் போகக்கூடாத ஜாதி வண்டிகளில், படுக்கையும் அடுப்பும் வைத்துத் தேசம் முழுதும் சுற்றுகிறார்கள். நம் ஆம்னியின் மூதாதையர் அந்த வம்சத்தைச் சேர்ந்தவர்கள்தாம்.

திருப்பூரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. பத்துப் பன்னிரண்டு மெஷின்கள் வைத்துக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பவர். மனைவியும் அவரோடு சரிசமமாக மெஷினில் உட்காருகிறவர். அவரிடம் வெள்ளை போர்டு போட்ட, ஐந்து பேர் உட்காரும் குட்டை வான் ஒன்று இருக்கிறது. தம் பட்டறைச் சரக்கை அதிலேதான் கொண்டுபோய்க் கொண்டுவருகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்:

"ஏனுங்க, வண்டிக்கு மாசாமாசம் தவணை கட்டறோம். ஆறு நாள் மூட்டைக்கு ஓடுது. ஞாயித்துக்கெழமை சும்மா நிக்குது. நாங்களும் சும்மா நிக்கறோம். ரெண்டையும் சேத்து ஒரு எட்டு மலைக்கு ஓட்டீட்டுப் போனா ஆகாதுங்களா?"

"தாராளமாக ஆகும். அதற்குப் பெரிய வண்டியாக ஒன்று வாங்கினால் சௌகரியமாக இருக்காதா?" என்று அவர் வாயைக் கிளறினேன்.

"பெரிய வண்டி எங்க சந்துக்குள்ள வராதுங்க. அப்புறம் நாங்க மலையிலயே குடியிருக்கோணும்!" என்று சிரித்தார்.

காபி கொண்டுவந்து வைத்த அவர் மனைவியைப் பார்த்து, "உங்களுக்கு எப்படியம்மா? ஓட்டலில் ரூம் எடுத்தால் இன்னும் நன்றாயிருக்காதா?" என்றேன். அந்த அம்மாள் சொன்ன பதிலுக்கு ஈடாக இந்தக் கட்டுரையில் நான் எழுதக்கூடியது எதுவும் இல்லை.

"ரூமுல படுத்தா, இந்த ஒரு ராத்திரி வாடகைக்கு எத்தன டஜன் பீஸ் தெக்கோணும்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுருதுங்க. வண்டியில படுத்தா அந்தக் கணக்கு வாறதில்லீங்க. தூக்கம் வருது."

நீளமான வண்டிகளை விற்கும் கனவான்கள் இந்த வார்த்தைகளைத் தங்கள் கடை வாசலில் எழுதித் தொங்கவிட வேண்டும். உழைப்பவனுடைய ஓய்வு என்பது, அந்த ஓய்வுக்கான செலவே அவனை மறுபடி மெஷினில் கொண்டுபோய் உட்கார வைக்காதபடி இருக்க வேண்டும்.

அந்த நண்பருக்கு வேண்டிய பெட்டியைச் செய்ய ஜெர்மனிக்கு எழுத வேண்டியதில்லை. இது கைவேலைக்காரர்களின் சீமை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு பிறந்த மண். பஸ்ஸுக்குக் கூடு கட்டுவதில் பேர்போன கரூர் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு பலகைப் பெட்டிகள். அவற்றின் மேல் மடித்து விரிக்கும் ஒரு பலகை. அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை. ஜன்னலுக்குக் கரூர்க் கொசுவலை. அதை இழுத்துப் பிடிக்கத் திருப்பூர் எலாஸ்டிக். திரைக்கு ஏற்றுமதியில் கழித்துப் போட்ட துணி. சமைக்க அனுப்பர்பாளையத்துப் பாத்திரம். பெட்டியை நாலு திருகாணியால் இறுக்கி, ஞாயிறு ராத்திரி கழற்றி எடுத்துவிட வேண்டும். ஆறடி ஆள் படுக்க இடம் வந்துவிடும். ஏழடி ஆள் அபூர்வம். வேறென்ன வேண்டும்? குளிர்சாதனமா? குளிரைத் தேடித்தானே ஐயா மலைக்குப் போகிறோம்!

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியைச் செய்த கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாகச் சொந்தக்காரர் அதை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருஷத்துத் திருத்தச் சட்டத்தின்படி, அநுமதியில்லாத மாற்றம் செய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சட்டத்தின் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. சேஸிஸை வெட்டி ஒட்டுகிறவனையும், பெரிய டயரைத் திணிக்கிறவனையும், சைலன்ஸரைப் பிடுங்கி எறிகிறவனையும் அது தடுப்பது நியாயம். குட்டி யானையின் பின்னால் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஜனங்களை அடைத்துக்கொண்டு போய், வளைவில் கவிழ்ந்து எத்தனை வீடுகள் இருண்டிருக்கின்றன! பாரவண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்ற விதியை ஒரு அங்குலம்கூடத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். நான் கேட்பது வேறு. திருகாணியில் நிற்கும் ஒரு பலகைப் பெட்டி, மாற்றமா, சாமானா? பீரோவை ஏற்றிக்கொண்டு போனால் அது சாமான். அதே மரத்தில் கட்டில் செய்து வைத்தால் அது மாற்றமா? பெட்டி வைப்பதற்காகப் பின் ஸீட்டைக் கழற்றினால், ஆர். சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் ஆசனக் கணக்குக்கு என்ன பதில்? ஒரு ஆபீசில் ஒரு மாதிரியும், அடுத்த ஊர்ச் சோதனைச் சாவடியில் இன்னொரு மாதிரியும் பதில் வருமானால், நடுவில் மாட்டிக்கொள்கிறவன் யார்? என் நண்பர் மாதிரி ஆள்தான். பெரிய கேரவன் கட்டுகிறவருக்கு இந்த அவஸ்தை இல்லை. மோட்டார் கேரவனுக்கென்று ஏ. ஐ. எஸ். 124 என்ற தரவிதியே இருக்கிறது. சோதனைச் சாலைக்கு அனுப்பி, சர்ட்டிபிகேட் வாங்கி, ராஜபாட்டையில் வருகிறார். வாங்கட்டும், அதுவும் முறைதான். ஆனால் லட்சங்கள் செலவழித்து மாற்றுகிறவருக்கு வழி இருந்து, சில ஆயிரங்களில் கழற்றி மாட்டுகிறவருக்குத் தெளிவான வழி இல்லை என்றால், அந்த ஏற்பாடு பணக்காரன் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல நான் தயங்க மாட்டேன்.

சர்க்கார்களின் போக்கும் இதே திசைதான். 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்று ஒரு திட்டம் அறிவித்தது. கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். முன்னால் வந்து நின்ற வண்டிகளோ பஸ் சேஸிஸின்மேல் கட்டிய மாளிகைகள். தமிழ்நாட்டில் 'கேரவன்' என்றால் பாமர ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள்? ஷூட்டிங்கின் நடுவே நட்சத்திரம் போய் ஏறிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ளும் வண்டி! அந்த வார்த்தை நமக்கு வந்து சேர்ந்த விதமே சரியில்லை. ஒட்டகங்களோடு பாலைவனத்தைக் கடந்த வியாபாரிகளின் கூட்டத்துக்குப் பெயராக இருந்த சொல், சாத்திய கதவுக்குப் பெயராகிவிட்டது.

மானியம் கொடுத்து மாளிகைகளை ஓடவிடுவதைக் காட்டிலும் சுலபமான காரியம் ஒன்று உண்டு. நம் பழைய ராஜாக்களும் ராணிகளும் செய்த காரியம்தான். நடந்து போகிறவனுக்குச் சத்திரம் கட்டினார்கள். தலைச்சுமைக்காரன் பாரத்தை இறக்கி மூச்சு வாங்கச் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்கள். திருமூர்த்தி மலையடியிலும், அமராவதி அணைக்கரையிலும், ஆழியாற்றிலும் பஞ்சாயத்து ஒரு சிறு மைதானம் ஒதுக்கி, சுத்தமான கக்கூசும் குழாயும் ஒரு காவலாளும் வைத்து, வண்டிக்கு இவ்வளவு என்று வாங்கட்டும். இருபது குட்டை வண்டிகள் நிற்கும் இடத்தில் மாளிகைகள் எத்தனை நிற்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மலைகளுக்கு வண்டிகள் தாங்காமல் போய்த்தான் 2024 மே மாதத்தில் ஹைக்கோர்ட் உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. இடம் குறைந்து வரும் உலகத்தில் குட்டையாயிருப்பது ஒரு மரியாதை.

சலுகை கேட்கிறவன் கடமையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் என் கட்சி ஒருதலைக் கட்சியாகிவிடும். முதலாவது, வண்டி ஓடும்போது படுக்கையில் ஆள் இருக்கக் கூடாது. ஸீட்டில் பெல்ட்டோடு உட்கார வேண்டும். படுக்கை நின்ற வண்டிக்குத்தான். இரண்டாவது, வண்டிக்குள் அடுப்பு மூட்டக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்ஸைடு அவர்களைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விட்டது. அந்த விஷத்துக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. குளிர்சாதன மாளிகைகளைப் பற்றி நான் ஏளனமாகப் பேசியது வெறும் பொறாமை என்று நினைத்தவர்கள் இதை யோசிக்கட்டும். கொசுவலை மாட்டித் திறந்து வைத்த ஜன்னல் யாரையும் கொன்றதில்லை.

மூன்றாவது கடமை புலிக்காட்டைப் பற்றியது. காட்டுக்குள் சாலையோரம் வண்டியை நிறுத்தி அடுப்பு மூட்டுவது சாகசமல்ல, அத்துமீறல். திம்பம் பாதையில் ராத்திரிப் போக்குவரத்துக்கு 2022 முதல் கட்டுப்பாடு வந்ததே, எதற்காக? வண்டியில் அடிபட்டுச் செத்த பிராணிகளுக்காக. வீடு அவற்றினுடையது, நாம் விருந்தாளிகள்.

நான்காவது கடமையைத் திருப்பூர்க்காரர்களுக்கு விசேஷமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நொய்யல் ஆற்றில் சாயத்தை விட்டு, ஒரு நதியின் நிறத்தை ஏற்றுமதி ஆர்டருக்குத் தகுந்தபடி மாற்றிய ஊர் அது. 2011 ஜனவரியில் ஹைக்கோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் விழித்துக்கொண்டது. கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் வித்தையை மிகுந்த செலவில் கற்றுக்கொண்டது. பட்டறையில் கற்ற பாடத்தை வண்டியிலும் மறக்கக் கூடாது. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரையும் பிளாஸ்டிக் பையையும் அமராவதிக் கரையில் கொட்டிவிட்டு வந்தால், நொய்யலுக்குச் செய்ததை இன்னொரு நதிக்கும் செய்ததாகும். கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவரக் குட்டை வண்டியிலும் இடம் இருக்கிறது.

'இத்தனை சின்ன விஷயத்துக்கு இத்தனை வாதமா?' என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். நாவல் எழுதுகிறவனுக்கு வான் வண்டியில் என்ன வேலை என்றும் தோன்றலாம். மனிதர்கள் எதற்காக உழைக்கிறார்கள், உழைத்து முடித்தபின் அவர்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்பதைத் தவிர நாவலில் வேறென்ன இருக்கிறது, சொல்லுங்கள்? உலகத்தின் முதுகுக்கெல்லாம் துணி போர்த்துகிற ஊரில், ஞாயிற்றுக்கிழமை சும்மா நிற்கும் ஒரு வண்டியும், அதன் பக்கத்தில் சும்மா நிற்கும் ஒரு குடும்பமும் எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

நான் கேட்பதெல்லாம் இவ்வளவுதான். கழற்றி எடுக்கக்கூடிய, சேஸிஸைத் தொடாத, இத்தனை கிலோவுக்கு மேற்படாத பெட்டி சாமானே என்று போக்குவரத்து இலாகா ஒரு பக்கத்தில் எழுதி, எல்லாச் சோதனைச் சாவடிகளுக்கும் அனுப்பிவைக்கட்டும். மலையடிவாரத்துப் பஞ்சாயத்துக்கள் ஒரு குழாயும் ஒரு கக்கூசும் கட்டட்டும். மானியம் வேண்டாம், விளம்பரம் வேண்டாம், 'சாகசம்' என்ற பட்டமும் வேண்டாம். திங்கட்கிழமை காலையில் பெட்டியை இறக்கிவிட்டு மூட்டையை ஏற்றத் தெரிந்தவர்களுக்கு, சனிக்கிழமை சாயங்காலம் மூட்டையை இறக்கிவிட்டுப் பெட்டியை ஏற்றவும் பயமில்லாத உரிமை வேண்டும்.